மனசுப் பத்தி, கணக்குப் பத்தி: பாம்பனிலிருந்து ஆஸ்கர் கணிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பனில் நண்பர்கள் நாங்கள் பதினோரு பேர். ஆஸ்கர் விழாவுக்கு முன்னால், யாருக்கு விருது என்று ஆளுக்கொரு சீட்டு எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்போம். விழா முடிந்ததும் பிரித்துப் பார்ப்போம். இது பல வருஷமாக நடக்கிறது. தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை என்று இந்த வருஷம் புதிதாகச் சிலர் சேர விரும்பி ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதிவிடுகிறேன். 98-வது ஆஸ்கர் விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் 2026 ஜனவரி 22-ல் வந்துவிட்டது. என் சீட்டில் உள்ளதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பாம்பனுக்கும் ஆஸ்கருக்கும் என்ன சம்பந்தம்?

2009 பிப்ரவரி 23, திங்கட்கிழமை காலை. பள்ளிக்கூடம் போகிற வழியில் டீக்கடை வாசலில் கூட்டம். உள்ளே டிவியில் ஏ.ஆர்.ரஹ்மான் மேடையேறிக்கொண்டிருந்தார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் பின்னணி இசைக்கு ஒன்று, 'ஜெய் ஹோ' பாட்டுக்கு ஒன்று என இரண்டு விருது. அந்த மேடையில் அவர் 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழில் சொன்னபோது கடைக்குள் சத்தமே இல்லை. தொப்பி போட்ட ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் கூடையோடு நின்ற மீன்காரம்மா, "நம்ம பேச்சுதானே பேசுறான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்குப் பள்ளிக்கு நேரம் கழித்துப் போய் வெளியே நின்றேன். அது இன்றுவரை எனக்குப் பெருமையான நாள்.

2011-ல் '127 ஹவர்ஸ்' படத்துக்கு ரஹ்மான் மறுபடியும் இரண்டு பிரிவில் பரிந்துரை பெற்றார். நாங்கள் நான்கு பேர் நோட்டில் எழுதிவைத்துக் காத்திருந்தோம். இரண்டும் கிடைக்கவில்லை. 'கிடைக்க வேண்டும்' என்பதற்கும் 'கிடைக்கும்' என்பதற்கும் நடுவே இருக்கும் தூரம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சீட்டில் இரண்டு பத்தி வந்ததும் அதனால்தான்.

அதென்ன இரண்டு பத்தி?

இடது பக்கம் மனசுப் பத்தி. எனக்கு எது பிடித்தது, யார் கையில் விருது போனால் நான் சந்தோஷப்படுவேன் என்பது அதில் இருக்கும். வலது பக்கம் கணக்குப் பத்தி. யார் ஜெயிப்பார்கள் என்று நான் நினைக்கிறேனோ அது.

மதிப்பெண் கணக்குப் பத்திக்கு மட்டும்தான். அதற்காக மனசுப் பத்தியைக் காலியாக விட்டால் சீட்டு செல்லாது. இந்த விதியில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. மனசு சீலா மீனைக் கேட்கும். காற்று கொண்டலா (கிழக்கு) கச்சானா (மேற்கு), நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துத்தான் வலையை ஏற்றுவார்கள். காற்று ஒத்துவரவில்லை என்பதற்காகச் சீலா பிடிக்காத மீனாகிவிடாது.

இன்னொரு விதியும் உண்டு. பார்க்காத படத்தை மனசுப் பத்தியில் எழுதக் கூடாது. அந்தக் கட்டத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதினால் போதும், சீட்டு செல்லும். கணக்குப் பத்திக்குப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. எங்கள் சித்தி ஒரு ஆங்கிலப் படமும் முழுசாகப் பார்த்ததில்லை. ஒப்பனை, உடை இரண்டு பிரிவுக்கும் புகைப்படங்களைப் பார்த்தே அடிக்கடி சரியாகச் சொல்லிவிடுவார். இந்த வருஷம் இரண்டுக்குமே 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்று சொல்லியிருக்கிறார். நானும் அதையே எழுதிவிட்டேன்.

ஓட்டுப் போடுவது யார்? ஐந்தாறு நடுவர்களா?

நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் தேசிய விருதுக்குத்தான் சிறிய நடுவர் குழு. ஆஸ்கருக்கு, அதை வழங்கும் அகாடமி என்ற அமைப்பின் உறுப்பினர்கள் 10 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். எல்லோரும் சினிமாத் தொழிலில் இருப்பவர்கள். பரிந்துரை கட்டத்தில் நடிகர்கள் நடிகர்களுக்கு, ஒளிப்பதிவாளர்கள் ஒளிப்பதிவாளர்களுக்கு என்று அவரவர் பிரிவுக்குப் போடுவார்கள். சிறந்த படத்துக்கு மட்டும் எல்லோரும் பரிந்துரைக்கலாம். கடைசிச் சுற்றில் எல்லாப் பிரிவுக்கும் எல்லோரும் போடலாம்.

இந்த வருஷம் ஒரு புது விதி வந்திருக்கிறது. ஒரு பிரிவில் ஓட்டுப் போட வேண்டுமானால் அந்தப் பிரிவில் பரிந்துரை பெற்ற எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. பேர் பெற்ற படத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடுவது இதனால் குறையும், சின்னப் படங்களுக்கு வழி பிறக்கும் என்று நம்புகிறேன்.

நம் மாவட்டத்துக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசனுக்கு 2025 ஜூனில் அகாடமியில் சேர அழைப்பு வந்தது. சூர்யாவுக்கு 2022-லும் மணிரத்னத்துக்கு 2023-லும் வந்தது. பரமக்குடியில் பிறந்தவர் ஆஸ்கருக்கு ஓட்டுப் போடும் காலம் வரும் என்று அன்றைக்கு டீக்கடை வாசலில் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

சிறந்த படத்துக்கு மட்டும் எண்ணும் முறை வேறாமே?

ஆமாம். கணக்குப் பத்தி எழுதுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

மற்ற பிரிவுகளில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு விருது. சிறந்த படத்துக்கு 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வரிசை ஓட்டு முறை இருக்கிறது. பத்துப் படங்களையும் 1, 2, 3 என்று பிடித்த வரிசையில் எழுத வேண்டும். முதலிடத்தில் பாதிக்கு மேல் வாங்கிய படம் இல்லையென்றால், கடைசியில் இருக்கும் படத்தை நீக்கி, அதற்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்துக்கு அந்த ஓட்டை மாற்றுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இதே வேலைதான்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். சங்க விருந்துக்கு என்ன மீன் என்று 100 பேரிடம் கேட்கிறோம். சீலாவுக்கு 40, பாறைக்கு 35, நண்டுக்கு 25. சாதாரண ஓட்டென்றால் சீலா ஜெயித்துவிட்டது. வரிசை ஓட்டில் நண்டு முதலில் வெளியேறும். நண்டு கேட்ட 25 பேரில் 20 பேர் இரண்டாவதாகப் பாறையை எழுதியிருந்தால், பாறைக்கு 55, சீலாவுக்கு 45. விருந்தில் பாறைதான்.

அதனால் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடி, மற்றவர்கள் முகம் சுளிக்கும் படம் இந்த முறையில் சிரமப்படும். பெரும்பாலானவர்கள் இரண்டு, மூன்றாம் இடத்தில் எழுதும் படம் மெதுவாக மேலேறி வரும். 2022-ல் 12 பரிந்துரை பெற்ற 'தி பவர் ஆஃப் தி டாக்' இயக்குநர் விருதோடு நின்றது. மூன்றே பரிந்துரை பெற்ற 'கோடா' மூன்றையும் ஜெயித்தது, சிறந்த படம் உட்பட.

'சின்னர்ஸ்' 16 பரிந்துரை வாங்கியிருக்கிறதே, அதுதானே ஜெயிக்கும்?

16 என்பது இதுவரை எந்தப் படமும் தொடாத எண். இதற்கு முன் 14-தான் அதிகம். 'ஆல் அபௌட் ஈவ்', 'டைட்டானிக்', 'லா லா லேண்ட்' மூன்றும் அதைத் தொட்டவை. முதல் இரண்டும் சிறந்த படமாக ஜெயித்தன. மூன்றாவதற்கு 2017-ல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். மேடையில் தவறான உறையைப் பிரித்து அதன் பெயரைப் படித்து, படக்குழு நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே திருத்தி, 'மூன்லைட்' படத்துக்கு விருதைக் கொடுத்தார்கள்.

சென்ற ஆண்டு 'எமிலியா பெரெஸ்' 13 பரிந்துரை வாங்கி இரண்டே விருதோடு திரும்பியது. பரிந்துரை எண்ணிக்கை என்பது வலையில் விழுந்த மீன் மாதிரி. ஏலத்தில் என்ன விலை போகும் என்பது கரைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

சரி, சிறந்த படத்துக்கு உங்கள் சீட்டில் என்ன?

மனசு: 'சின்னர்ஸ்'. கணக்கு: 'ஒன் பேட்டில் ஆஃப்டர் அனதர்'.

இரண்டையும் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

'சின்னர்ஸ்' 1932-ல், அமெரிக்காவின் மிசிசிப்பி வட்டாரத்தில், பருத்திக் காட்டுக் கறுப்பின மக்களிடையே நடக்கும் கதை. இரட்டைச் சகோதரர்கள் ஊர் திரும்பி ஒரு பழைய மர ஆலையை வாங்கி, தம் மக்கள் ஆடிப் பாட ஓர் இடம் திறக்கிறார்கள். ஒரே ஒரு இரவு. வெளியே ரத்தக்காட்டேரிகள். பேய்ப் படம் என்று சொல்லி எங்கள் கூட்டத்திலேயே நாலு பேர் பார்க்காமல் ஒதுக்கினார்கள். அவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

அதில் ஒரு காட்சி. பாதிரியாரின் மகனான இளம் பையன் கிதாரோடு பாடத் தொடங்குகிறான். பாட்டு ஏற ஏற, அந்தக் கூடத்துக்குள்ளேயே ஆப்பிரிக்க முன்னோர்கள் பறையோடு வருகிறார்கள். இன்னும் பிறக்காத காலத்தின் மின்கிதார்க்காரர்கள் வருகிறார்கள். போன தலைமுறையும் வரப்போகிற தலைமுறையும் ஒரே தாளத்துக்கு ஆடுகின்றன.

எங்கள் தாத்தா முகுந்தராயர் சத்திரம் பக்கம் கரைவலை இழுத்தவர். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து ஆட்கள் நிற்பார்கள். முன்னால் நிற்பவர் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அம்பா என்போம். அந்தப் பாட்டு இல்லையென்றால் கால்கள் ஒன்றாக மணலில் ஊன்றாது, வலை கோணிக்கொண்டு வரும். பாட்டி சாகும்வரை அதில் சில அடிகளை அரிசி புடைக்கும்போது முணுமுணுப்பார். நான் எழுதிவைக்கவில்லை. இன்றைக்கு எங்கள் தெருவில் அதை முழுசாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்தக் காட்சியைப் பார்த்தபோது, பாட்டி முணுமுணுத்த அடிகளும் அந்தக் கூடத்துக்குள் எங்கேயோ நிற்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. உழைப்பவர்களின் வாயிலிருந்து வந்த பாட்டு எப்படி உயிரோடு தங்குகிறது, யார் யாரெல்லாம் அதைக் குடிக்க வருகிறார்கள் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு ஏன் கணக்குப் பத்தியில் வேறு படம்? 'ஒன் பேட்டில் ஆஃப்டர் அனதர்' ஜனவரியில் நடந்த கோல்டன் குளோப் விருதில் படம், இயக்கம், திரைக்கதை, துணை நடிகை என்று நான்கை வாங்கியது. இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன் பல முறை பரிந்துரை பெற்றும் ஆஸ்கர் கைக்கு வராதவர். 'இந்த முறையாவது அவருக்கு' என்ற நினைப்பு ஓட்டுப் போடுகிறவர்களிடம் பெரிய காற்று. அப்புறம், பேய்ப் படத்தைச் சிறந்த படமாக எடுத்துக்கொள்ள அகாடமி பெரும்பாலும் தயங்கியே வந்திருக்கிறது. வரிசை ஓட்டில் அந்தத் தயக்கம் தெரியும்.

அந்தப் படமும் எனக்குப் பிடித்ததுதான். முன்னாள் புரட்சிக்காரர் ஒருவர் மகளைத் தேடி அலைகிற கதை. கடைசியில் ஏறி இறங்கும் மலைச்சாலையில் ஒரு துரத்தல் வரும். முன்னால் போகும் வண்டி மேட்டில் தெரியும், பள்ளத்தில் மறையும், மறுபடி தெரியும். அலை பெரிதாக இருக்கும் நாளில் நாட்டுப்படகில் உட்கார்ந்து முன்னால் போகிற படகைப் பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். படகு அலைக்குப் பின்னால் இறங்கியதும் மேலே ஏறி வரும்வரை மூச்சு விட மாட்டோம். ஆண்டர்சன் அந்த உணர்வைத் தார்ச்சாலையில் கொண்டுவந்துவிட்டார்.

பத்தில் மற்ற படங்கள்?

'ட்ரெய்ன் ட்ரீம்ஸ்' என் மனசுக்கு இரண்டாவது. நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன், காட்டில் மரம் வெட்டியும் ரயில் பாதைக்கு வேலை செய்தும் பிழைத்த ஒரு மனிதரின் முழு வாழ்க்கை. காட்டுத் தீ அவருடைய குடும்பத்தைக் கொண்டுபோகிறது. அந்த இடத்திலேயே அவர் மறுபடி வீடு கட்டி உட்கார்ந்து காத்திருப்பார். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது பாம்பனிலிருந்து போன ரயிலும் பயணிகளோடு போனது. அதற்குப் பிறகும் அந்த மணலிலேயே குடிசை போட்டு இருந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். 'ஏன் வேறு இடம் போகவில்லை?' என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டலாம். கதாநாயகனாக நடித்த ஜோயல் எட்ஜர்ட்டனுக்குப் பரிந்துரை கிடைக்காதது இந்த வருஷத்தில் எனக்குப் பெரிய வருத்தம்.

'ஃபிராங்கன்ஸ்டைன்' கண்ணுக்கு விருந்து. 'எஃப் 1' பெரிய திரையில் பார்த்தால் நல்லது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தங்கவில்லை. 'ஹேம்நெட்', 'மார்ட்டி சுப்ரீம்', 'தி சீக்ரெட் ஏஜென்ட்', 'சென்டிமென்டல் வேல்யூ', 'புகோனியா' ஐந்தும் என் சீட்டில் இன்னும் 'பார்க்கவில்லை'.

இயக்குநர், நடிகர்கள்?

இயக்குநர். மனசு: 'சின்னர்ஸ்' எடுத்த ரயன் கூக்ளர். கணக்கு: ஆண்டர்சன். இதுவரை கறுப்பினத்தவர் ஒருவர்கூடச் சிறந்த இயக்குநர் விருதை வாங்கியதில்லை. கூக்ளர் வாங்கினால் என் கணக்கு தப்பிப்போனதில் எனக்குச் சந்தோஷம்தான்.

நடிகர். மனசு: 'சின்னர்ஸ்' சகோதரர்கள் இருவராகவும் நடித்த மைக்கேல் பி. ஜோர்டன். இரட்டை வேடம் என்றால் நமக்கு எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து பழக்கம். ஒருவருக்கு மீசை, ஒருவருக்கு மச்சம் வைத்துப் பிரித்துவிடுவோம். இவர் தோளை வைத்துக்கொள்ளும் விதத்திலும் கண்ணை நிறுத்தும் விதத்திலும் இரண்டு பேராகிறார். பாதிப் படத்துக்குப் பிறகு ஒரே நடிகர் என்பதே மறந்துவிட்டது. கணக்கு: டிமோத்தி ஷாலமே ('மார்ட்டி சுப்ரீம்'). சென்ற ஆண்டு நடிகர் சங்க விருதை வாங்கியும் ஆஸ்கரை ஏட்ரியன் பிராடியிடம் விட்டார். இந்த வருஷம் குளோப் அவர் கையில்.

நடிகை. மனசு: பார்க்கவில்லை. கணக்கு: ஜெஸ்ஸி பக்லி ('ஹேம்நெட்'). இதில் எங்கள் பதினோரு பேருக்கும் ஒரே பதில்.

துணை நடிகர். மனசு: டெல்ராய் லிண்டோ. 73 வயதில் முதல் பரிந்துரை. 'சின்னர்ஸ்' படத்தில் குடிகார இசைக்கலைஞர். வண்டியில் போகும்போது, அடித்துக் கொல்லப்பட்ட நண்பனைப் பற்றிச் சொல்வார். சொல்லி முடித்ததும் வாயில் வார்த்தை வராமல் ஒரு முனகல் வரும், அது தாளமாகும், கையும் சேர்ந்து தட்டும். துக்கம் பாட்டாகிற அந்த நொடியை நான் ஒப்பாரி வீட்டில் பார்த்திருக்கிறேன், திரையில் பார்த்தது இதுதான் முதல் தடவை. கணக்கு: ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்ட் ('சென்டிமென்டல் வேல்யூ'), குளோப் வாங்கியவர்.

துணை நடிகை. மனசு: வுன்மி மொசாக்கு ('சின்னர்ஸ்'). கணக்கு: டெயானா டெய்லர் ('ஒன் பேட்டில்'). 'வெப்பன்ஸ்' படத்தின் ஏமி மேடிகனையும் ஒதுக்கிவிட முடியாது. 40 வருஷத்துக்கு முன் ஒரு பரிந்துரை, இப்போது இன்னொன்று. சினிமாக்காரர்களின் மனசை இப்படிப்பட்ட கதை கரைத்துவிடும்.

மற்ற பிரிவுகளையும் சொல்லிவிடுங்கள்.

மூலத் திரைக்கதை 'சின்னர்ஸ்', தழுவல் திரைக்கதை 'ஒன் பேட்டில்'. இரண்டும் கணக்கு. பின்னணி இசை 'சின்னர்ஸ்' படத்தின் லுட்விக் யோரான்சன், இரண்டு பத்தியிலும். அனிமேஷன் 'கேபாப் டெமன் ஹன்டர்ஸ்'. பாட்டும் அதில் வரும் 'கோல்டன்' என்றுதான் கணக்கு. எங்கள் தெருப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமலே முழுசாகப் பாடுகிறார்கள். மனசு 'சின்னர்ஸ்' பாட்டுக்கு.

ஒளிப்பதிவில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆஸ்கர் வரலாற்றில் இதுவரை ஒரு பெண்ணும் ஒளிப்பதிவுக்கு விருது வாங்கியதில்லை. பரிந்துரையே நான்காவது பெண்ணுக்குத்தான் கிடைத்திருக்கிறது. 'சின்னர்ஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர் ஆட்டம் டுரால்ட் ஆர்க்கபா அவர். இரண்டு பத்தியிலும் அவர் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். நண்பர் ஒருவர், "மனசு வந்து கணக்கைத் தள்ளிடுச்சுடா" என்றார். இருக்கலாம். மாற்ற மாட்டேன்.

நடிகர் தேர்வுக்கு இந்த வருஷம்தான் முதன்முதலாக விருது. இதோடு மொத்தம் 24 பிரிவு. பழைய வருஷம் என்று ஒன்று இல்லாததால் கணக்குக்குப் பிடிமானம் கிடையாது. 'சின்னர்ஸ்' என்று எழுதியிருக்கிறேன்.

கணக்குப் பத்திக்கு எதைப் பார்த்து முடிவு செய்வது?

சங்க விருதுகளைப் பாருங்கள். தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், நடிகர் சங்கம் ஆகியவற்றின் உறுப்பினர்கள் பலர் அகாடமியிலும் இருப்பவர்கள். குளோப் முன்னோட்டம் மட்டும்தான், அதில் ஓட்டுப் போடுகிறவர்கள் பத்திரிகைக்காரர்கள். பிரிட்டிஷ் விருதான பாஃப்டாவையும் விடாதீர்கள். அகாடமியில் வெளிநாட்டு உறுப்பினர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள்.

ஆனாலும் தப்பும். 2020-ல் தயாரிப்பாளர் சங்கமும் இயக்குநர் சங்கமும் '1917' பக்கம் நின்றன. நடிகர் சங்கம் மட்டும் 'பாரசைட்' நடிகர் குழுவைத் தேர்ந்தெடுத்தது. ஆஸ்கரும் 'பாரசைட்' பக்கம் போனது, ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் சிறந்த படமானது அதுவே முதல் முறை. எங்கள் கூட்டத்தில் ஒரே ஒருவர் அதைச் சொல்லியிருந்தார். சென்ற ஆண்டு நடிகைப் பிரிவில் நான் நடிகர் சங்க விருதை நம்பி டெமி மூர் என்று எழுதினேன். பாஃப்டா மைக்கி மேடிசனுக்குப் போனதைப் பார்த்தும் மாற்றவில்லை. மேடிசன்தான் வாங்கினார், 'அனோரா' படமும் ஐந்து விருது அள்ளியது. சங்க விருதுகள் இன்னும் வரவில்லை, அதனால் புதிதாகச் சேருகிறவர்கள் கணக்குப் பத்தியைப் பென்சிலில் எழுதுங்கள். மனசுப் பத்தியைப் பேனாவில் எழுதுங்கள்.

இந்தியப் படம் இந்த வருஷம் உண்டா?

நம் நாட்டிலிருந்து அனுப்பிய 'ஹோம்பவுண்ட்' சர்வதேசப் படப் பிரிவின் 15 படங்கள் கொண்ட பட்டியல் வரை போனது, கடைசி ஐந்தில் வரவில்லை. ஊரடங்குக் காலத்தில் ஊர் திரும்பப் போராடும் இரண்டு நண்பர்களின் கதை. நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது, கட்டாயம் பாருங்கள். வந்திருந்தால் மனசுப் பத்தியில் முதலில் எழுதியிருப்பேன்.

இந்தப் பிரிவில் கடைசி ஐந்துக்கு வந்த இந்தியப் படங்கள் இதுவரை மூன்றுதான்: 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே', 'லகான்'. தமிழிலிருந்து 1969-ல் 'தெய்வமகன்' முதலில் போனது. பிறகு 'நாயகன்', 'அஞ்சலி', 'தேவர் மகன்', 'குருதிப்புனல்', 'இந்தியன்', 'ஜீன்ஸ்', 'ஹே ராம்', 'விசாரணை', 'கூழாங்கல்'. எண்ணிப் பாருங்கள், பாதி நம் பரமக்குடிக்காரர் கமல் நடித்தவை. எதுவும் ஐந்துக்குள் வரவில்லை. என் மனசைக் கேட்டால் 'கூழாங்கல்' வந்திருக்க வேண்டும். ரோட்டர்டாம் விழாவில் புலி விருது வாங்கிய படம். அந்தச் சூடான மண்ணில் வெறுங்காலோடு நடக்கும் பையனை நம் முதுகுளத்தூர், கமுதி பக்கம் எந்தக் கோடையிலும் பார்க்கலாம்.

தமிழ் பேசிய படம் ஆஸ்கர் வாங்கவே இல்லையா என்றால், வாங்கியிருக்கிறது. 2023-ல் குறும் ஆவணப்படப் பிரிவில் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்'. முதுமலையில் அனாதை யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றியது. அந்த வருஷம் எல்லோரும் 'நாட்டு நாட்டு' பாட்டுக்காக விழித்திருந்தோம். அதுவும் கிடைத்தது.

சர்வதேசப் பிரிவில் இப்போது யாருக்கு?

கணக்கு 'சென்டிமென்டல் வேல்யூ', நார்வே. மனசுப் பத்தியில் 'பார்க்கவில்லை'. ஆனால் நான் மிகவும் பார்க்க விரும்புவது துனிசியா அனுப்பிய 'தி வாய்ஸ் ஆஃப் ஹிந்த் ரஜப்'. காஸாவில் காருக்குள் சிக்கிக்கொண்ட ஒரு சின்னப் பெண் உதவி கேட்டுத் தொலைபேசியில் பேசிய உண்மையான குரலை வைத்து எடுத்தது. படகு திரும்பாத இரவில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து ஒரு குரலுக்காகக் காத்திருந்த வீடுகள் இந்தக் கரையில் எத்தனையோ. அந்தப் படத்தை நாங்கள் தனியாக உட்கார்ந்து பார்க்க முடியாது, சேர்ந்துதான் பார்ப்போம்.

தேசிய விருதுக்கும் இப்படிச் சீட்டு எழுதலாமே?

முயன்றோம். அதற்குப் பரிந்துரைப் பட்டியல் வெளியிடுவதில்லை, நேராக முடிவுதான். மனசுப் பத்தி எழுதலாம், கணக்குப் பத்தி எழுத வழியில்லை.

பணம் கட்ட வேண்டுமா?

கிடையாது. பணம் வந்தால் மனசுப் பத்தி செத்துவிடும். சிறந்த படத்துக்கு 5 மதிப்பெண், இயக்குநர், நடிப்புப் பிரிவுகளுக்கு 3, மற்றதற்கெல்லாம் 1. அதிகம் எடுத்தவர் வீட்டுக்கு மற்றவர்கள் சேர்ந்து நண்டு வாங்கிக் கொடுப்போம். சமைப்பதும் நாங்கள்தான். ஜெயித்த வீட்டுப் பெண்களுக்கு அன்றைக்கு அடுப்படி வேலை கிடையாது.

விழா எப்போது, எங்கே கூடுகிறோம்?

அமெரிக்காவில் மார்ச் 15 ஞாயிறு மாலை 7 மணி. நமக்கு மார்ச் 16, திங்கள் விடியற்காலை 4.30. சென்ற ஆண்டு ஜியோஹாட்ஸ்டாரில் நேரலை வந்தது. 2029-லிருந்து யூடியூபுக்கு மாறுகிறது. அப்போது கடலில் சிக்னல் கிடைக்கும் தூரம்வரை படகிலிருந்தே பார்க்கலாம்.

திங்கள் விசைப்படகு போகிற நாள். கடலுக்குப் போக டோக்கன் வாங்கப் போகிறவர்கள் சீட்டை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், முடிவை மாலையில் சொல்கிறோம். மற்றவர்கள் குந்துகால் பக்கம் வழக்கமான வீட்டு மாடிக்கு நாலு மணிக்கே வந்துவிடுங்கள். வரக்காப்பி இருக்கும். டப்பா மூடும் நாள் மார்ச் 14, சனிக்கிழமை இரவு. அதற்குப் பிறகு பென்சிலால்கூட மாற்ற முடியாது.